தொங்கல் இல்லாத மாலை: சங்குப்பூவின் வளையப் புரதத்தைக் கையால் செய்து பார்ப்பது எப்படி

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் எங்கள் வளவின் மேற்கு வேலி முழுக்கச் சங்குப்பூ. போர் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுச் சுவர் பாதிதான் நின்றது, கிணறு தூர்ந்து கிடந்தது. வேலியில் பழைய கிளுவை நாலைந்து மிஞ்சியிருந்தன. அதில் ஒன்றில் நீலமாக ஏதோ படர்ந்து நிற்பதை அம்மாதான் முதலில் கண்டார். "காக்கணான் நிக்குது பிள்ளை, வெட்டிப்போடாதை" என்றார். நான் வெட்டவில்லை. அந்தக் கொடியின் விதைதான் இன்று என் பள்ளிக்கூடத் தோட்டத்திலும் படர்ந்திருக்கிறது.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். புரதம் என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்வார்கள்: அமினோ அமிலங்கள் பெப்ரைட்டுப் பிணைப்பால் கோர்த்த சங்கிலி, ஒரு தொங்கலில் அமினோக் கூட்டம், மற்றத் தொங்கலில் காபொட்சைல் கூட்டம். அநேகமான புரதங்களுக்கு இது சரி. வேலியில் நிற்கும் சங்குப்பூவின் சில புரதங்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குத் தொங்கலே கிடையாது. தலையும் வாலும் ஒட்டி வளையமாகிவிட்டன. விஞ்ஞானிகள் அவற்றை சைக்ளோடைட் என்கிறார்கள், நான் வகுப்பில் வளையப் புரதம் என்றே சொல்லிக்கொள்கிறேன். செடி அதை வைத்துத்தான் தன் இலையைப் புழுவிடமிருந்து காத்துக்கொள்கிறது.

இதைப் பல வருடம் கரும்பலகையில் வரைந்தேன். வட்டம் போட்டு உள்ளே மூன்று கோடு. பிள்ளைகள் கொப்பியில் வடிவாகக் கீறிக்கொண்டு போனார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை. ஏனென்றால் இந்தப் புரதத்தின் விசயமே தட்டையான படத்தில் வராது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து போகிறது. அதைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆகவே இப்போது களிமண்ணில் மணி உருட்டி மாலையாகக் கட்டுகிறோம். அதற்குப் பிறகு சங்குப்பூ இலையை அவித்துப் புழுவுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். இரண்டையும் எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கு மட்டும் என்றில்லை, வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் மாலை கட்டும் வேலையை ஒரு சனிக்கிழமை பின்னேரத்தில் முடிக்கலாம்.

வேலை தொடங்க முன்னர் ஒரு கதை சொல்ல வேண்டும். நான் வகுப்பிலும் இதைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

1960களில் நோர்வே நாட்டு வைத்தியர் லோரன்ஸ் கிரான் செஞ்சிலுவைச் சங்கத்தோடு கொங்கோவில் வேலை செய்தார். அங்கே பிரசவ நேரத்தில் பெண்கள் ஒரு சிறு பூண்டை அவித்து அந்தத் தண்ணீரைக் குடிப்பதை அவர் கவனித்தார். குடித்தால் கருப்பை பலமாகச் சுருங்கி, பிள்ளை கெதியாகப் பிறக்கிறது. ஊரவர்கள் வைத்த பெயர் கலற்றா-கலற்றா. தாவரவியல் பெயர் ஒல்டன்லாண்டியா அபினிஸ். அவர் அதில் வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது அது ஒரு சிறு புரதம் என்று தெரிந்தது. அதன் பெயர் கலற்றா பி1.

இந்த இடத்தில் நான் நிறுத்திப் பிள்ளைகளிடம் கேட்பேன்: முட்டையை அவித்தால் என்ன நடக்கும்? வெள்ளைக்கரு கட்டியாகும், புரதம் குலைந்துவிட்டது. இறைச்சி தின்றால்? குடலில் நொதியங்கள் துண்டு துண்டாக வெட்டும். அப்படியானால் கொதிக்க அவித்து, வாயால் குடித்த ஒரு புரதம் எப்படி உயிரோடு போய் வேலை செய்தது? ஒரு வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அது பிடிக்கும்.

விடை வர நெடுங்காலம் எடுத்தது. புரதத்தின் வரிசையை வாசிப்பதற்கு அந்த நாளில் இருந்த வழி, ஒரு தொங்கலில் பிடித்து ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கழற்றுவது. இதில் பிடிக்கத் தொங்கல் இல்லை. கடைசியில் 1995இல்தான் அதன் முழு உருவமும் வெளிவந்தது. அந்த வேலையில் இருந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிரெய்க். 1999இல் அவருடைய குழுதான் சைக்ளோடைட் என்ற பெயரையும் வைத்தது.

ஒரு சின்னப் பக்கக் கதை. அந்தக் கொங்கோப் பூண்டின் இனத்தில் வைக்கப்பட்ட இன்னொரு செடி எங்கள் பக்கத்தில் உண்டு, சாயவேர். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணல் தரையில் அதைத் தோண்டி எடுத்துத் துணிக்குச் சிவப்புச் சாயம் போட்டார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கொங்கோ கொஞ்சம் கிட்ட வந்துவிடும்.

மாலை கட்டுவது

சங்குப்பூவின் வளையப் புரதங்களுக்கும் இதே அமைப்புத்தான், ஆகவே கலற்றா பி1 ஐத்தான் கட்டப் போகிறோம். அதில் 29 அமினோ அமிலங்கள். இன்சுலினில் 51, ஆகவே இது மிகச் சிறிய புரதம், ஒரு பிள்ளை தனியாகக் கட்டி முடிக்கும் அளவு. இந்த 29இல் 6 சிஸ்ரீன். சிஸ்ரீனில் கந்தகம் இருக்கிறது, இரண்டு சிஸ்ரீன்களின் கந்தகங்கள் ஒன்றையொன்று பிடித்தால் இருசல்பைட்டுப் பிணைப்பு. ஆறு சிஸ்ரீன், மூன்று பிணைப்பு.

களிமண் குளக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ எடுக்கலாம். கல்லும் வேரும் பொறுக்கிவிட்டுக் குழைத்து, கச்சான் பருப்பிலும் கொஞ்சம் பெரிதாக 23 உருண்டை உருட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றின் நடுவாலும் ஈர்க்கைக் குத்தி எடுக்க வேண்டும், காய்ந்த பிறகு குத்தினால் பிளந்துவிடும். நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். நேர் வெயிலில் வைத்தால் வெடிக்கும், வன்னி வெயிலில் சொல்லத் தேவையில்லை.

சிஸ்ரீனுக்கு ஆறு மஞ்சள் மணி வேண்டும், கந்தகத்தின் நிறம். நான் முதல்முறை களிமண் மணிக்குச் சுண்ணாம்பு பூசி, அதன் மேல் மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசினேன். ஆறும் குங்குமச் சிவப்பாகிவிட்டன. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆராத்தி எடுக்கிற வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாததில்லை, அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. இப்போது கோதுமை மாவில் உப்பும் மஞ்சளும் போட்டு இறுக்கமாகக் குழைத்து உருட்டுகிறோம். காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். உப்புப் போடாவிட்டால் கரப்பான் தின்னும்.

நூலுக்குத் தங்கூசி நல்லது, மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும். ஒரு முழம் காணும். மூன்று பிணைப்புக்கு மெல்லிய செம்புக் கம்பி, பழைய மோட்டார்ச் சுருளில் இருந்து உரித்தது. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம் வேண்டும், மிச்சத்தைப் பிறகு வெட்டலாம்.

கோர்க்கும் ஒழுங்கு இதுதான், மாற்ற வேண்டாம். முதலில் களிமண் மணி 4. பிறகு மஞ்சள் ஒன்று. களிமண் 3, மஞ்சள் ஒன்று. களிமண் 4, மஞ்சள் ஒன்று. களிமண் 4, மஞ்சள் ஒன்று. களிமண் ஒன்றே ஒன்று, மஞ்சள் ஒன்று. களிமண் 4, மஞ்சள் ஒன்று. கடைசியாகக் களிமண் 3. எண்ணிப் பாருங்கள், 29 வர வேண்டும். மஞ்சள் மணிகள் 5, 9, 14, 19, 21, 26ஆம் இடங்களில் நிற்க வேண்டும். வராவிட்டால் அவிழ்த்துத் திரும்பக் கோர்த்துவிடுங்கள். இதில் ஒரு மணி தவறினாலும் பின்னால் முடிச்சுச் சரிவராது.

ஏழாவது மணியில் பேனையால் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். அது குளுற்றாமிக் அமிலம். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

தொங்கல்களை இன்னும் முடியக் கூடாது. முதலில் கம்பி. முதலாவது மஞ்சளை நாலாவது மஞ்சளோடு கட்டுங்கள். இரண்டாவதை ஐந்தாவதோடு. இந்த இரண்டு கம்பியையும் கட்டியதும் மாலையின் நடுவில் ஒரு சின்னச் சாளரம் உருவாகியிருக்கும்: ஒரு பக்கச் சட்டம் முதலாவது மஞ்சளில் இருந்து இரண்டாவது வரை உள்ள மணிகள், எதிர்ப்பக்கச் சட்டம் நாலாவதில் இருந்து ஐந்தாவது வரை உள்ளவை, மற்ற இரண்டு பக்கமும் செம்புக் கம்பி. இந்தச் சாளரத்தைப் பிள்ளை கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள், நீங்கள் காட்ட வேண்டாம். மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரல் நுனியை உள்ளே விட்டு, "இதுவோ ரீச்சர்?" என்று கேட்கும்.

இப்போது மூன்றாவது கம்பி. மூன்றாவது மஞ்சளில் ஒரு நுனியைக் கட்டி, மறு நுனியை அந்தச் சாளரத்துக்குள்ளால் விட்டு எடுத்து, ஆறாவது மஞ்சளில் கட்ட வேண்டும். வெளியால் சுற்றிக் கொண்டுபோய்க் கட்டினால் பார்ப்பதற்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உள்ளால் போனது அசையாது. இதைத்தான் சிஸ்ரீன் முடிச்சு என்கிறார்கள்.

கடைசியாகத் தொங்கல்களை முடியுங்கள். 29ஆவது மணியும் முதலாவது மணியும் தொட்டுக்கொள்ள வேண்டும். செடிக்குள் 29ஆவது அஸ்பராஜின், முதலாவது கிளைசீன், இரண்டுக்கும் நடுவில் சாதாரண பெப்ரைட்டுப் பிணைப்பு. செடி முதலில் ஒரு நீளமான புரதத்தைச் செய்துவைத்து, அதில் இருந்து இந்தத் துண்டை ஒரு நொதியத்தால் வெட்டி, வெட்டின கையோடு ஒட்டியும் விடுகிறது. வெட்டுகிற வேலைக்குப் பெயர்போன நொதியக் குடும்பத்தில் இருந்து ஒட்டுகிற ஒன்று வந்திருக்கிறது. சங்குப்பூவில் அந்த ஒட்டும் நொதியத்தை 2014இல் சிங்கப்பூரில் பிரித்தெடுத்தார்கள், பியூட்டலேஸ் என்று பெயர். புரதங்களை ஒட்டுவதற்கு இன்று ஆய்வுகூடங்கள் அதைப் பாவிக்கின்றன. அந்த நொதியம் எங்கள் கிளுவை வேலியிலும் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

மாலை முடிந்ததும் அதை வைத்து மூன்று விசயம் செய்து காட்டுங்கள்.

பக்கத்தில் கம்பி இல்லாத, தொங்கல் திறந்த இன்னொரு மாலை வைத்திருங்கள். ஒரு பிள்ளையிடம் இரண்டில் இருந்தும் மணியைக் கழற்றச் சொல்லுங்கள். திறந்த மாலையில் நுனியில் இருந்து ஒவ்வொன்றாக உருவிவிடும். குடலில் ஒரு வகை நொதியங்கள் இப்படித்தான் தொங்கலில் இருந்து கடித்துக்கொண்டு போகும். வளைய மாலையில் தொடங்க இடமில்லை. அம்மா பாய் இழைக்கும்போது விளிம்பை மடித்துச் செருகுவார், செருகாமல் விட்ட பாய் ஒரு மாதத்தில் ஓரத்தில் இருந்து பிரிந்துவிடும். பிள்ளைகளுக்கு இந்த உதாரணம் உடனே பிடிபடும், அநேகமான வீட்டில் அப்படிப் பிரிந்த பாய் ஒன்று கிடக்கும்.

அடுத்தது, நடுவில் வெட்டும் நொதியம். அதற்குக் கத்தரிக்கோல் கொடுங்கள். மணிகள் இறுகி நிற்பதால் தங்கூசிக்குள் கத்தரிக்கோல் நுனி போவதே கடினம். எப்படியோ ஓரிடத்தில் வெட்டினாலும் உருவம் கலையாது, செம்புக் கம்பிகள் பிடித்து நிற்கும். கொதிக்கும் தண்ணீர் இந்தப் புரதத்தைக் குலைக்காததற்கும் அந்தப் பிடிதான் பெரிய காரணம்.

மூன்றாவது, வெட்டாத மாலை ஒன்றில் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். மாலை உடனே தொய்ந்து சாதாரண வளையமாகிவிடும். இப்போது கறுப்புப் புள்ளி வைத்த ஏழாவது மணிக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு. நீளமான ஒரே சங்கிலி கிடைக்கிறது, நுனியில் பிடித்து வாசிக்கலாம். விஞ்ஞானிகள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்: முதலில் இருசல்பைட்டுப் பிணைப்புகளை உடைத்துவிட்டு, குளுற்றாமிக் அமிலத்துக்குப் பக்கத்தில் மட்டும் வெட்டும் ஒரு நொதியத்தைப் போடுவார்கள். கலற்றா பி1 இல் குளுற்றாமிக் அமிலம் ஒன்றுதான், ஆகவே ஒரே இடத்தில்தான் வெட்டு விழும்.

புழுவின் வயிற்றுக்குள்

எங்கள் பக்கத்துக் காணிக்காரர், மிளகாயும் தக்காளியும் செய்கிறவர், மாலை கட்டுவதை ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "ரீச்சர், உது எல்லாம் சரி, புழு சாகுமோ?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 2018இல் சோளத்துக்குப் படைப்புழு வந்ததையும், 2021இல் மருந்தே இல்லாமல் போனதையும் கண்டவர். அதற்கு முதல் ஒரு கடையில் மாறிக் கொடுத்த மருந்தை அடித்து அரை ஏக்கர் மிளகாய் கருகினதும் அவருக்குத்தான்.

ஆய்வுகூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2001இல் ஆஸ்திரேலியாவில் கலற்றா பி1 ஐ உணவில் கலந்து ஹெலிகோவேர்ப்பா புழுவுக்குக் கொடுத்தார்கள். அங்கே பருத்தியைத் துளைக்கும் புழு அது, அதன் சொந்தக்காரன்தான் எங்கள் தக்காளியையும் மிளகாயையும் துளைப்பது. பல புழுக்கள் செத்தன, தப்பியவை முதல் பருவத்தைத் தாண்டவில்லை. 2008இல் அப்படித் தின்ற புழுவின் நடுக்குடலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். குடலின் உட்சுவரில் உள்ள கலங்களுக்குத் தூரிகை மயிர் போல நுண்சடைமுளைகள் இருக்கும், உணவை உறிஞ்சுவது அவைதான். அவை சிதைந்திருந்தன. கலங்கள் ஊதி, கொப்புளம் தள்ளி, வெடித்துக் குடலுக்குள் கொட்டியிருந்தன.

எப்படி? வளையப் புரதத்தின் வெளிப்பக்கத்தில் எண்ணெய்த்தன்மையான ஒரு பகுதி இருக்கிறது. சாதாரண புரதம் அந்த மாதிரிப் பகுதியை உள்ளே மடித்து மறைக்கும். இதில் உள்ளே இடமில்லை, நடுவில் முடிச்சு இருக்கிறது, ஆகவே அது வெளியே தள்ளி நிற்கிறது. அந்தப் பகுதியால் கல மென்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. மென்சவ்வில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டாது, பொஸ்பரிடைல்எதனோலமீன் என்ற கொழுப்பு இருக்கும் இடத்தைப் பிடிக்கிறது. பல ஒன்றாகக் கூடினால் சவ்வில் துளை விழும். துளையால் உப்பும் தண்ணீரும் ஒழுங்கில்லாமல் ஓட, கலம் வெடிக்கிறது. புழுவின் நொதியங்கள் அந்தப் புரதத்தை வெட்டிச் சாப்பிட்டிருந்தால் இது ஒன்றும் நடந்திருக்காது. வளையமும் முடிச்சும் அதைக் குடல் வரை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

சங்குப்பூவுக்குள் இது இருப்பது 2011இல் தெரியவந்தது. அவரைக் குடும்பத்தில் முதல்முதல் கண்ட வளையப் புரதங்கள் அவைதான், அந்தச் செடியிலேயே பல பத்து வகை இருக்கின்றன. இதில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று: பட்டாணி போன்ற அவரைச் செடிகளில் அல்புமின்-1 என்ற புரதத்தைச் செய்யும் பரம்பரையலகுக்குள்ளேயே, ஒரு துண்டு இருந்த இடத்தில் இந்த வளையப் புரதம் குடியேறியிருக்கிறது. பழைய வீட்டில் ஓர் அறையை இடித்துவிட்டுக் களஞ்சியம் கட்டின மாதிரி.

சரி, நாங்கள் செய்து பார்த்தது எப்படி என்று சொல்கிறேன். முதல்முறை பிழையாகிப் போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தக்காளியில் பொறுக்கின பத்துப் புழுவை ஒரு போத்தலுக்குள் போட்டு, சங்குப்பூத் தண்ணீரில் தோய்த்த இலையைக் கொடுத்தோம். அடுத்த நாள் காலை ஆறுதான் இருந்தன. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். எனக்கு உடல்களைக் காணவில்லையே என்று யோசனை. வெறும் தண்ணீர் இலை கொடுத்த போத்தலைப் பார்த்தால் அதில் ஐந்து. இந்தப் புழு தன் இனத்தையே தின்னும். ஒரு பிள்ளை குனிந்து பார்த்து, பெரியது ஒன்று சிறியதன் பாதியை வாயில் வைத்திருப்பதைக் காட்டினான். சங்குப்பூவுக்கும் அந்த எண்ணிக்கைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு புழுவுக்கும் தனிக் கோப்பை. வெறும் யோகட் கோப்பைகளைக் கழுவி வெயிலில் காயவைத்து, வாய்க்கு மெல்லிய துணி கட்டி இறப்பர் வளையம் போட்டால் போதும். இருபது கோப்பை, பத்துப் பத்தாக இரண்டு கூட்டம். புழு சின்னதாக, கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கட்டும், அரிசி நீளத்துக்கு மேல் வேண்டாம். பெரிய புழு இரண்டு நாளில் கூட்டுப்புழுவாகிவிடும், ஒன்றும் பார்க்க முடியாது. மயிர்க்கொட்டியைத் தொட விடாதீர்கள்.

சங்குப்பூ இலை இரண்டு பெரிய கைப்பிடி, பூவும் காயும் இல்லாமல். கழுவி நறுக்கி, அரை லீற்றர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதித்தால் சத்துப் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை, கொங்கோவில் கொதிக்க வைத்துத்தானே குடித்தார்கள். ஆற வைத்து வெள்ளைத் துணியால் வடியுங்கள். இதே அளவில் பயற்றை இலையையும் தனியே அவித்து வடியுங்கள், அது மற்றக் கூட்டத்துக்கு. வெறும் தண்ணீரோடு ஒப்பிடுவதை விட இது நல்லது, இல்லாவிட்டால் "அவித்த இலைத் தண்ணீர் என்றாலே புழுவுக்குப் பிடிக்காதோ" என்ற கேள்வி மிஞ்சும். சவர்க்காரம் ஒரு சொட்டும் சேர்க்க வேண்டாம். தோட்டத்துக்கு அடிக்கும்போது இலையில் ஒட்டுவதற்குச் சேர்ப்பார்கள், ஆனால் சவர்க்காரமே பூச்சியைக் கொல்லும், பரிசோதனை கெட்டுவிடும்.

தக்காளி இலையைத் தோய்த்து, நிழலில் ஈரம் காயவிட்டு, ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு துண்டு. தினமும் காலையில் பழைய இலையையும் எச்சத்தையும் எடுத்துவிட்டுப் புதியது. புழுவைக் கோட்டுத் தாளில் வைத்து நீளம் எழுதுங்கள். தின்ற இலையையும் எறிய வேண்டாம், தாளில் வைத்து ஓரத்தைக் கீறினால் எவ்வளவு தின்றது என்று சதுரம் எண்ணலாம். ஆறு அல்லது ஏழு நாள் காணும்.

எங்களுக்குக் கிடைத்தது இவ்வளவு. பயற்றை இலைக் கூட்டம் ஆறாம் நாள் தடித்து, சின்னிவிரலின் பாதி நீளத்துக்கு வந்துவிட்டது. சங்குப்பூக் கூட்டத்தில் அநேகமானவை மெலிந்து, இலையின் ஓரத்தை மட்டும் சுரண்டிவிட்டுக் கோப்பையின் சுவரில் ஏறி நின்றன. சில செத்தன, இரண்டு நன்றாக வளர்ந்தன. அந்த இரண்டையும் பிள்ளைகள் மேசைக்கு அடியில் ஒளிக்கப் பார்த்தார்கள். அவற்றையும் எழுத வைத்தேன்.

பக்கத்துக் காணிக்காரருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். அவித்த தண்ணீரை மருந்து மெசினில் ஊற்றித் தோட்டத்துக்கு அடிக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு செடியிலும், ஒவ்வொரு இலையிலும் புரதத்தின் அளவு வேறு. கோப்பைக்குள் தோய்த்த இலைக்கும், காற்றும் மழையும் உள்ள அரை ஏக்கருக்கும் நிறைய வித்தியாசம். ஆஸ்திரேலியாவில் சங்குப்பூச் சாற்றில் இருந்து சீரோ-எக்ஸ் என்ற பூச்சி மருந்தை முறையாகப் பதிவு செய்து பருத்திக்கு அடிக்கிறார்கள், அதன் பின்னால் பல வருட வேலை இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் நாலு கத்தரிக்கு அடித்துப் பார்ப்பது வேறு விசயம், அதை நானும் செய்கிறேன். ஒரு வரிசைக்கு அடித்து மற்ற வரிசையை விட்டுவைத்துப் பாருங்கள், அப்போதுதான் ஏதாவது தெரியவரும்.

ஒரு விசயத்தில் நான் கண்டிப்பு. கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த இலைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. இந்த வகைப் புரதம் மனிதருக்குத் தெரியவந்ததே கருப்பையைச் சுருக்கும் மருந்தாகத்தான். நீலப் பூவைச் சுடுதண்ணீரில் போட்டு எலுமிச்சை பிழிந்து ஊதா நிறம் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது, பரிசோதனைக்கு அவித்த இலைத் தண்ணீரை அதோடு மாறி வைத்துவிடாதீர்கள். போத்தலில் பெயர் எழுதுங்கள். விதையும் வேரும் வயிற்றைக் கழிய வைக்கும், பிள்ளைகள் விதையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடும் ஆடும் இலையைத் தின்னும், குயின்ஸ்லாந்தில் மேய்ச்சலுக்கென்றே விதைக்கிறார்கள். எங்கள் ஆடு ஒரு முறை வேலி முழுக்க மொட்டையடித்துவிட்டு நிம்மதியாக அசைபோட்டது.

மாலை கட்டின பிள்ளைகள் பிறகு வேறு செடி கேட்பார்கள். மாரி விட்ட பிறகு புல்வெளியில் ஒற்றை ரோசா நிற இதழோடு நிற்கும் ஓரிதழ்த் தாமரையைக் காட்டுங்கள், அதிலும் வளையப் புரதம் உண்டு. சூரியகாந்தி விதையில் 14 அமினோ அமிலம் மட்டும் கொண்ட ஒரு குட்டி வளையம் இருக்கிறது, அதற்கு ஒரே ஒரு இருசல்பைட்டுப் பிணைப்பு. மிஞ்சின மணியில் அதைக் கட்டலாம்.

சங்குப்பூ இல்லாதவர்கள் மாரித் தொடக்கத்தில், ஐப்பசி முதல் மழையோடு விதையுங்கள். தோல் கடினம், மணலில் வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டு ஒரு இரவு ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். படர ஒரு கிளுவைக் கதியால் போதும். காய் மண்ணிறமாகத் தொடங்கியதும் காலையிலேயே பிடுங்கிக் கடதாசிப் பையில் போட்டு வையுங்கள். மத்தியானம் வரை விட்டால் வெயிலில் முறுகி வெடித்து விதையெல்லாம் வேலிக்குள் கொட்டிவிடும்.